திடுக்கிட்டு விழித்தேன்!



போன வாரம் இந்தப் பலகையின் வலது மூலையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அடுத்த இதழுக்குக் கனவுக் கதைகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. – இதழ்க் குழு." முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வரவில்லை. அந்தச் சீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் குழுவில் நானும் ஒருத்தி (தலைப்பு எழுதி, பார்டர் போடுவது என் வேலை). அதனால் வெளியில் நின்று கல் எறிகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

குழுவின் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதழுக்கு வருகிற கதைகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். ஒரு பையன் குகைக்குள் போவான். தாடி வைத்த தாத்தா ஒரு வாள் கொடுப்பார். பறக்கும் குதிரை வரும். ஏழு தலைப் பாம்பு வரும். பாம்பு வாயைத் திறந்து அவனைக் கடிக்கப் போகிற நேரத்தில்... "டேய் எழுந்திருடா, ஸ்கூலுக்கு நேரமாச்சு!" என்று அம்மா தண்ணீர் தெளிப்பார். திடுக்கிட்டு விழித்தேன். எல்லாம் கனவு. முற்றும்.

தமிழ் ஐயா மதிய இடைவேளையில் இந்தக் கதைகளைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பார். "விழிச்சிட்டானா? சரி, எடுத்து ஓரமா வை" என்பார். அவர் சொல்கிற காரணம் சரியானது. பாம்பிடமிருந்து அந்தப் பையன் எப்படித் தப்பித்தான் என்று யோசிக்க எழுதியவருக்குச் சோம்பல். அதனால் கூப்பிடுகிறார் அம்மாவை.

நானும் யோக்கியம் இல்லை. எட்டாம் வகுப்பில் "பனிமலை ராணி" என்று ஒரு கதை எழுதினேன். முழங்கால் ஆழத்துக்குப் பனி. கோட்டை. ராணி சூப் குடிப்பாள். நான் பனியை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். சூப்பும் அப்போது குடித்ததில்லை! நம்ம வேங்கிக்காலில் ஏப்ரல், மே வந்தால் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே பனி, பால் ஐஸ்காரர் பெட்டியைத் திறக்கும்போது வருகிற புகை. அதை எழுதியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எழுதவில்லை. கடைசி வரியில் விழித்துக்கொண்டேன்.

ஆனால் இதெல்லாம் கனவின் குற்றமா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பறக்கும் குதிரையை உண்மையிலேயே யாராவது தூக்கத்தில் பார்த்தீர்களா? நான் என் வகுப்பில் விசாரித்தேன். ஒருத்திக்கு வருகிற கனவு: பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள், கேள்வித்தாள் தெரியாத பாஷையில் இருக்கிறது. இன்னொருத்திக்கு: கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், பஸ் நிற்காமல் போகிறது, அந்த பஸ்ஸுக்குள்ளே ஜன்னலோரம் அவளே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அடிக்கடி வருவது: எங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது, இத்தனை நாள் அதை யாரும் கவனிக்கவில்லை, உள்ளே போனால் செத்துப்போன தாத்தா சாதாரணமாக பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "எங்க தாத்தா போயிருந்தே?" என்றால், "இங்கதான் இருக்கேன், நீங்கதான் கதவைத் திறக்கல" என்கிறார்.

இதில் எங்கே கோட்டை இருக்கிறது? எங்கே டிராகன் இருக்கிறது? நம் தூக்கத்தில் வருகிற மாயம் வேறு, நாம் "கனவுக் கதை" என்று எழுதிக் கொடுக்கிற மாயம் வேறு. இரண்டாவது, படத்தில் பார்த்தது. அதைக் கனவு என்று சொல்வது கனவுக்கே அவமானம்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் ஆயா சொல்வார். பலிக்குமோ என்னவோ, ஞாபகம் இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1953-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்கள் இமைக்குள்ளே சில நேரம் வேகமாக அசைவதைப் பற்றி எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் தெளிவாகக் கனவு சொன்னார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அப்படி வருகிறது. இரவு முடிய முடிய அந்த நேரம் நீண்டுகொண்டே போகிறது. விடியற்காலையில் அதன் நடுவிலிருந்து நேராக எழுந்துவிடுகிறோம், அதனால் கனவு கையோடு வருகிறது. பல் தேய்ப்பதற்குள் பாதி போய்விடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கனவை வைத்துக் கதை எழுத நினைக்கிறவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலாவது வைத்துக்கொள்வது நல்லது.

சரி, பெரிய எழுத்தாளர்கள் யாராவது கனவை வைத்து எழுதியிருக்கிறார்களா? தேடிப் பார்த்தேன். நிறையப் பேர்.

ஸ்டீவன்சன் என்று ஒரு ஆங்கில எழுத்தாளர், "புதையல் தீவு" எழுதியவர். 1885-ல் ஒரு நாள் இரவு தூக்கத்தில் அலறியிருக்கிறார். மனைவி பயந்துபோய் எழுப்பிவிட்டார். நன்றி சொல்வதற்குப் பதிலாக அவர் கோபித்துக்கொண்டாராம், ஒரு அருமையான பேய்க்கதையைக் கெடுத்துவிட்டாயே என்று! அந்தக் கனவிலிருந்து வந்ததுதான் "டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்". நல்ல மனிதர் ஒருவர் ஒரு மருந்தைக் குடித்துக் கெட்டவனாக மாறுகிற கதை. 1886-ல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு கட்டுரையில் கணக்குச் சொல்கிறார்: கனவில் வந்தது ஒன்றிரண்டு காட்சிகள்தான், மற்றதெல்லாம் விழித்திருந்து, யோசித்துச் செய்தது. அதுவும் முதலில் எழுதியதை மனைவி குறை சொன்னதால் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எழுதினாராம். நம்மில் யாராவது எழுதிய கதையைத் திருப்பி எழுதியிருக்கிறோமா? ஒற்றைப் பிரதி, அதுவும் கடைசி நாள் கடைசி பீரியடில்!

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் விளைவாக அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. ஓயாத மழை, குளிர். ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் சிலர் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தார்கள். பொழுது போகாமல், ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதலாம் என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்குப் பல நாள் ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு நாள் இரவு பாதித் தூக்கத்தில், ஒரு மாணவன் தான் சேர்த்து உருவாக்கிய உருவத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதையும், அந்த உருவம் அசைவதையும் கண்டாள். அதுதான் "ஃபிராங்கன்ஸ்டைன்". 1818-ல் வந்தது. அந்தப் பெண் மேரி ஷெல்லி. கனவு கண்டபோது அவருக்கு வயது 18. நம்ம பிளஸ் டூ அக்காக்கள் வயது! கவனியுங்கள், அந்தக் கனவுக் காட்சி புத்தகத்தின் கடைசியில் இல்லை. நடுவில் எங்கோ ஒரு அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை எல்லாம் அவர் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தார்.

நம் காலத்திலும் உண்டு. 2003 ஜூன் மாதம் ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு கனவு கண்டார், அன்றைக்கே எழுத ஆரம்பித்து மூன்று மாதத்தில் முடித்தார். அதுதான் 2005-ல் வந்த "டுவைலைட்". கணித மேதை ராமானுஜன்கூட நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் காட்டியதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கேம்பிரிட்ஜில் ஹார்டி அவரிடம் கேட்டது நிரூபணம். (கணக்கு சார் இதைப் படித்துவிட்டு, "அப்போ நீயும் நிரூபணம் எழுது" என்று சொல்லக்கூடாது.)

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதை, நம்ம தமிழ்ல ஏது?" என்று பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். நம்மிடம்தான் முதலிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவு சொல்கிறாள். ஒரு பெரிய ஊருக்குப் போகிறோம், அங்கே எங்கள் மேல் பொய்ப் பழி விழுகிறது, கோவலனுக்குத் தீங்கு வருகிறது, நான் அரசன் முன் போய் வழக்காடுகிறேன், அந்த அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது என்று. அந்தப் பகுதிக்குப் பெயரே "கனாத்திறம் உரைத்த காதை". இளங்கோவடிகள் அதை எங்கே வைத்தார்? கோவலன் திரும்பி வந்து, இருவரும் மதுரைக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்னால்! கனவு கண்டவளே எழுந்து அந்த ஊருக்கு நடக்கிறாள். படிக்கிற நமக்கு, வழியெல்லாம் அந்தக் கனவு பக்கத்திலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. நாமாக இருந்தால் மதுரை முழுக்க எரிந்து முடிந்த பிறகு கண்ணகியைப் புகாரில் எழுப்பி உட்கார வைத்திருப்போம்.

இந்த இடத்தில் தமிழ் ஐயா குறுக்கே பேசுவார், எனக்குத் தெரியும். "பாரதியாரே குயில் பாட்டுல கடைசியில விழிச்சுக்கிறாரேம்மா?" ஆமாம் ஐயா. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. அங்கே ஒரு குயிலின் பாட்டில் மயங்குகிறார். அந்தக் குயில் குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதலைப் பாடுவதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். பிறகு அது தன் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது, பெண்ணாக மாறுகிறது, மறைந்துபோகிறது. கண்ணைத் திறந்தால் அறையில் பழைய ஏடு, பேனா, பத்திரிகைகள், ஒரு பழைய பாய். அத்தனையும் கற்பனை என்று தெரிகிறது. அதற்கும் முன்னால், 1910-ல் புத்தகமாக வந்த "ஞானரத"த்திலும் அப்படித்தான். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் கட்டிலில் படுத்தபடியே மனசை ரதமாக்கிக்கொண்டு கந்தர்வ லோகம், சத்திய லோகம் என்று போகிறார். அந்த லோகங்களின் வரிசையில் நம்ம மண்ணுலகத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பாரதியார் விழிப்பதும் நம்ம ஏழு தலைப் பாம்புக்காரன் விழிப்பதும் ஒன்றா? பாரதியார் விழித்தவுடன், அந்தப் பாயையும் பேனாவையும் பார்த்தவுடன், அவர் இருந்த நிலைமை நமக்குத் தெரிகிறது. இதற்கு ஏதாவது உள்ளர்த்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று புலவர்களிடம் வேறு கேட்டுவிட்டுப் போகிறார். இவனோ பல் தேய்க்கப் போகிறான்!

கனவே இல்லாமலும் மாயம் எழுதலாம் என்பதற்குப் புதுமைப்பித்தனைப் படியுங்கள். "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையில் கடவுள் சென்னையில் வந்து இறங்கித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளையோடு போய் காப்பி குடிக்கிறார். யாரும் விழிக்கவில்லை. கடவுள் வந்தார் என்பதைவிட, அந்தக் காப்பிதான் நம்மை நம்ப வைக்கிறது. நம்ம ஊருக்கு மட்டும் என்ன குறை? அடியும் முடியும் காண முடியாத நெருப்புத் தூண், பன்றியாய்த் தோண்டினவர், அன்னமாய்ப் பறந்தவர், பொய்சாட்சி சொன்ன தாழம்பூ... இத்தனையும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையின் கதை. அந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து கால் வலிக்க வந்து படுக்கிறோம். கனவில் மட்டும் இங்கிலாந்துக் கோட்டைக்குப் போய்விடுகிறோம். இது என்ன நியாயம்?

இனி, இந்தக் கட்டுரையை நான் ஏன் எழுதினேன் என்பதற்கு வருகிறேன்.

2024 டிசம்பர் 1 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் மழை. சாயங்காலம் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகு ராத்திரி மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது. மலை எங்கள் வீட்டிலிருந்து தூரம்தான். ஆனாலும் வராது. யாரிடமும் சொன்னதில்லை.

போன இதழுக்கு ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஒரு கதை கொடுத்திருந்தாள். ஒன்றரைப் பக்கம். தலைப்பு "என் கனவில் வந்த மலை". தலைப்பில் கனவு இருந்ததால் நாங்கள் படிக்காமலே ஓரமாக வைத்துவிட்டோம். சீட்டு ஒட்டிய அன்று கதைகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு. கொடுப்பதற்கு முன் சும்மா பிரித்துப் பார்த்தேன்.

மழை ராத்திரி. படுத்திருக்கிற மலை, ஆயா நடுராத்திரியில் முழங்காலில் கை ஊன்றி எழுவது மாதிரி எழுந்து உட்காருகிறது. உருண்டு வருகிற பாறையை உள்ளங்கையில் பிடித்துக்கொள்கிறது. கீழே இருக்கிற வீடுகளைப் பார்த்து, "போங்க போங்க, எனக்குக் கை வலிக்குது" என்கிறது. ஜனங்கள் ஸ்டவ், ஸ்கூல் பை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு பாப்பா மட்டும் செருப்பைக் காணோம் என்று திரும்பி வருகிறது. மலை காத்திருக்கிறது. பாப்பாவுக்குச் செருப்பு கிடைக்கிறது. அப்புறம் கடைசி வரி: "திடுக்கிட்டு விழித்தேன். எல்லாம் கனவு."

நான் நேராக அவள் வகுப்புக்குப் போய், "அந்தக் கடைசி வரியை எடுத்துடும்மா, கதை சூப்பரா இருக்கு" என்றேன். குழு உறுப்பினர் தோரணையில்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்தா பொய்யாயிடும்க்கா. நெஜத்துல மலை பிடிக்கலையே" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வரும்போதுதான் புரிந்தது. மற்ற எல்லாக் கதைகளிலும் விழித்தால் ஆபத்து போய்விடுகிறது. இவள் கதையில் விழித்தால்தான் ஆபத்து இருக்கிறது. ஒரே வரி, ஒரே எழுத்து, ஆனால் அந்தக் கட்டு முழுவதிலும் இவள் ஒருத்திதான் உண்மையிலேயே விழித்திருக்கிறாள். நம்முடைய சீட்டு இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. சீட்டு எப்படிப் பார்க்கும்? படித்தால்தானே தெரியும்!

"சமூகக் கருத்துள்ள கதை எழுதுங்கள்" என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். நல்லதுதான். நானும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் எல்லாம் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த டிசம்பர் மழையைப் பற்றி இந்தப் பலகையில் இதுவரை வந்ததில் ஒரு "இரங்கல் கவிதை"யும், "இயற்கைப் பேரிடர் மேலாண்மை" என்று ஒரு கட்டுரையும்தான் எனக்கு ஞாபகம். இரண்டையும் படித்துவிட்டு வழக்கம்போல வகுப்புக்குப் போனேன். இந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்த அன்று ராத்திரி, மழைக்குப் பயப்படுகிறேன் என்று அம்மாவிடம் முதல் முறையாகச் சொன்னேன். அம்மாவும் "எனக்கும்தான்டி" என்றார்.

ஆகவே இதழ்க் குழுவுக்கு என் வேண்டுகோள்: அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாம். பாம்புக் கதைக்காரர்களை என்ன செய்வது என்றால், "பாம்பு வாயைத் திறந்ததா? சரி, அங்கேயிருந்து இன்னும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுக்கலாம். பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் கதையைப் போடலாம். தமிழ் ஐயாவுக்கும் வேலை குறையும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: "கனவில்" என்று தலைப்பு வைக்காதீர்கள். சீட்டு போனாலும் எங்கள் குழுவின் சோம்பல் உடனே போய்விடாது.

அந்தத் தங்கை கதையைத் திரும்பக் கொடுக்க முதலில் சம்மதிக்கவில்லை. ஜாமெட்ரி பாக்ஸுக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள். நேற்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நீட்டினாள். கடைசி வரி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நாலைந்து வரி பென்சிலில் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். "அக்கா, எல்லாரும் போன பெறகு மலை கையை எடுக்கணும் இல்ல, பாறையை எங்க வைக்கும்னு யோசிச்சேன்" என்றாள். எங்கே வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு இடம் விட்டு பார்டர் போட்டிருக்கிறேன். குழு சரி என்று சொன்னால் போதும். பசை என் பையிலேயே இருக்கிறது.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு